வாவிக்கரைக் கிராமத்துக்கு வருஷ நாட்காட்டி: தோணியோட்டம் எப்ப, எப்படி?

வாவித்தங்கை:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் படுவான்கரைப் பக்கம், மட்டக்களப்பு வாவியின்ட மேற்குக் கரை. பன்னிரண்டு வீடுகளில விருந்தினர் தங்கிப்போறாங்க. கிராம அபிவிருத்திச் சங்கமும் தங்குமிடக்காரரும் சேர்ந்து வருஷ நாட்காட்டி ஒண்டு போடுறாங்க. இப்ப இருக்கிற வரைபு இதுதான்: சித்திரையில விளையாட்டு விழா, வைகாசிப் பௌர்ணமிக்கு வாவிக்கரையில நிலாச்சோறு, ஆடி அமாவாசை லீவில பெரிய தோணியோட்டம், டிசம்பர் கடைசிக் கிழமையில வருஷக் கடைசிக் கொண்டாட்டம். இதில எது சரி, எது பிழை? தோணியோட்டத்துக்கு என்னென்ன, எத்தனை வேணும்? கணக்கோட சொன்னா பெரிய உதவி.

எழுவான்கரை_வாசி:
தங்கச்சி, இந்த வரைபில சித்திரை மட்டும்தான் நிக்கும். மற்ற மூண்டும் இடறும். ஏனெண்டு சொல்றன்.

வைகாசிப் பௌர்ணமியை ஒட்டித்தான் கண்ணகி அம்மன் கோயில்களில திருக்குளிர்த்தி, அம்மன்ட கோபம் ஆத்துற சடங்கு. இங்க பல கண்ணகி கோயிலுக்கு வருஷத்தில அந்த ஒரு தடவைதான் கதவு திறக்கிறது. கதவு திறந்த நாளில இருந்து குளிர்த்தி முடியுமட்டும் ஊரில மச்சம் மாமிசம் இல்லை. அம்மன்ட கல்யாணத்துக்குக் கல்யாணக்கால் நட்டு, கண்ணகி கதை சொல்ற வழக்குரை படிச்சு, குளிர்த்தி பாடி ஆறும் நாட்களில வாவிக்கரையில இறாலும் நண்டும் சுட்டு நிலாச்சோறு வைச்சா, சமைக்கிற பெண்டுகளும் வரமாட்டாங்க, பரிமாறுற பொடியனும் வரமாட்டான். அந்தப் பௌர்ணமி பல வருஷம் வெசாக் போயாவோட (பௌத்தரின்ட பௌர்ணமி லீவு) சேர்ந்து வரும். போயா நாளில நாடு முழுக்க மதுவிற்பனை இல்லை. விருந்தினருக்கு அதையும் முன்கூட்டியே எழுதி அனுப்ப வேணும்.

அதனால அந்தக் கிழமையை "விரதக் கிழமை" எண்டே நாட்காட்டியில போடுங்க. பன்னிரண்டு வீட்டிலயும் மரக்கறிச் சாப்பாடுதான் எண்டு பதிவு எடுக்கும்போதே சொல்லுங்க. மச்சம் இல்லாம ஏலாது எண்டவங்க வேற கிழமை வரட்டும். திகதியை நீங்களாக் குறிக்க வேண்டாம். வண்ணக்கர்மாரிட்டையும் (கோயில் நிர்வாகிகள்) கட்டாடியாரிட்டையும் (பூசகர்) கேட்டு, அவங்க நாள் வைச்ச பிறகுதான் அச்சடிக்க வேணும். ஊருக்கு ஊர் சடங்கு நாள் கூடிக் குறையும்.

ஆடி அமாவாசையில அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். அம்பாறைப் பக்கம் திருக்கோவில் சித்திரவேலாயுதருக்கும் அண்டைக்குத்தான் கடல் தீர்த்தம். பிதிர்க்கடன் கழிக்கிற நாள் அது. துடுப்புப் பிடிக்கிற ஆக்கள் எல்லாம் அமிர்தகழியிலதான் நிப்பாங்க. பஸ்ஸும் ஓட்டோவும் அங்கதான்.

டிசம்பர் கடைசிக் கிழமையை எடுத்துவிடுங்க. 26ஆம் திகதி சுனாமி நினைவு நாள். நாவலடியில, கல்லடியில, கல்லாறில, கல்முனையில 2004 இல் ஆளை இழக்காத குடும்பம் குறைவு. அந்தக் கிழமையில பாட்டுப்பெட்டி போட்டுக் கொண்டாடுறதுக்கு இந்தக் கரையில இடம் இல்லை. நினைவு நாளா இல்லாட்டிலும் நவம்பர் நடுவில இருந்து ஜனவரி நடுமட்டும் வாடைமழை. 1978 சூறாவளி அடிச்சதும் நவம்பர் 23. பந்தல் போடுற மாதம் இல்லை அது.

சவளடி:
தோணியோட்டம் பற்றி என்ட பங்குக்கு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க.

முதல் காற்று. நீங்க மேற்குக் கரை. ஆனி, ஆடியில அடிக்கிறது கச்சான், மேற்கிலயும் தென்மேற்கிலயும் இருந்து வாறது. அதாவது உங்கட கரையில நிண்டா முதுகில அடிக்கும். தோணி இறங்கினா எழுவான்கரைக்கு, அதாவது கிழக்குக் கரைக்கு, தானாப் போகும், திரும்பி வராது. களைச்சுப் போன பொடியன் நடு வாவியில கச்சானுக்கு எதிராச் சவள் (துடுப்பு) போட ஏலாது. ஆடிப் போட்டி உங்கட கரைக்கு ஆபத்து எண்டது இதாலதான். சித்திரையில காலமையில காற்றே இல்லை, பத்து மணிக்குப் பிறகுதான் கடற்காற்று எழும்பும். அது கிழக்கில இருந்து உங்கட கரைக்குத் தள்ளும், கவிழ்ந்தாலும் ஆள் வீட்டுப் பக்கம்தான் வருவான். ஆனா சித்திரையில பின்னேர இடி இருக்கு. முழக்கம் கேட்டவுடன எல்லாத் தோணியும் கரைக்கு, கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிஷம் யாரும் இறங்கக் கூடாது. வெட்டை வாவியில நிமிர்ந்து நிக்கிற ஒரே பொருள் ஆள்தான்.

ஓடுபாதை. போய்த் திரும்பி வாற ஓட்டம் வேண்டாம். 18 அடித் தோணி திரும்ப இடம் நிறைய எடுக்கும், நாலு தோணி ஒரு மிதவையில சேர்ந்தா இடிபடும், பிறகு தீர்ப்பில சண்டை. கரையோட ஒட்டி நேரா 400 மீற்றர் போதும். கரையில இருந்து 40, 50 மீற்றர் தள்ளி இருந்தாச் சனமும் நடந்துகொண்டே பார்க்கலாம், ஆழமும் பெரிசா இராது. ஒவ்வொரு தோணிக்கும் 10 மீற்றர் அகல வழி விடுங்க.

மிதவைக்கு 20 லீற்றர் பிளாஸ்டிக் கான், மூடி இறுக்கி, சிவப்புத் துணி கட்டினது. நங்கூரத்துக்கு மணல்மூட்டை போதும், ஆனா வாவியடி சேறு எண்டா மூட்டை வழுக்கி நகரும். அதுக்கு 25 கிலோ மூட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டுங்க. கயிறு ஆழத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல விட்டா மிதவை அலைஞ்சு வழியை மாத்திப்போடும். கம்பு நட்டுக் குறி வைக்கிறதும் உண்டு, ஆனா தோணி மோதினாப் பலகை பிளக்கும், விழுற ஆளுக்கு விலாவில குத்தும்.

தோணி. எல்லாரும் தங்கட தோணியைக் கொண்டு வந்தா நீளமான தோணிதான் வெல்லும், ஆள் இல்லை. 14 அடித் தோணியும் 18 அடித் தோணியும் ஒண்டில்லை. ஒரே அளவில நாலு தோணி எடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுப் போட்டுக் குழுக்களுக்குக் குடுங்க. துடுப்பும் அப்படித்தான். மரத்தோணியும் ஃபைபர் வள்ளமும் கலக்காதீங்க. காற்றறை இல்லாத ஃபைபர் வள்ளம் தண்ணி நிறைஞ்சாத் தாழும். மரத்தோணி கவிழ்ந்தாலும் மிதக்கும், அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம். "தோணியை விட்டு நீந்தாதே" எண்டு தொடங்க முதல் எல்லாருக்கும் சொல்ல வேணும்.

12 குழு எண்டு வைச்சா நாலு நாலா மூண்டு சுற்று. நேரம் பார்த்துத் தெரிய வேண்டாம். காற்று சுற்றுக்குச் சுற்று மாறும், நேரம் பொய் சொல்லும். மூண்டு முதலிடம் இறுதிக்கு நேரா. மூண்டு இரண்டாமிடத்துக்கு ஒரு ஓட்டம், அதில வெண்டவன் நாலாவது ஆள். பிறகு இறுதி. ஆக 5 ஓட்டம். ஆள் ஏத்தி இறக்கி ஒண்டுக்கு 20 நிமிஷம், மொத்தம் 100 நிமிஷம். காலமை 6.30 க்குத் தொடங்கினா 8.10 க்கு முடியும், காற்றுக்கும் வெயிலுக்கும் முந்தி.

காவல் வள்ளம் இரண்டு, எஞ்சின் போட்டது, ஒவ்வொண்டிலயும் நீச்சல் தெரிஞ்ச இரண்டு பேர். ஒண்டு ஓட்டத்துக்குப் பின்னால, ஒண்டு முடிவுக் கோட்டில. தண்ணியில ஆள் கிடந்தா கிட்டப் போக முதல் எஞ்சினை நிறுத்த வேணும். காற்றாடி ஓடிக்கொண்டு ஆளைத் தூக்கப் போனாக் காலை வெட்டும். உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும், மீன்பிடிக்காரருக்கும். அவங்க போடமாட்டம் எண்டுதான் சொல்லுவாங்க, அதில விட்டுக்குடுக்க வேண்டாம். விதி எழுதுறபோதே "அங்கி இல்லாத குழு ஓட்டத்தில இல்லை" எண்டு முதல் வரியாப் போடுங்க.

தில்லைமரம்:
சவளடி அண்ண சொன்னதோட இரண்டு மூன்று சேர்க்கிறேன்.

வலை. ஓட்டம் நடக்கிற இடத்தில கட்டுவலையும் இறால் வலையும் கிடக்கும். மீனவர் சங்கத்தோட பேசி, முதல்நாள் பின்னேரமே தூக்கச் சொல்ல வேண்டும். ஒருநாள் வலை தூக்கினால் ஒருநாள் பிடிப்பு போகும். அதற்கு ஒரு தொகை செலவுக் கணக்கில் இருக்கட்டும். இல்லாட்டி இரவில் திரும்பக் கட்டிவிடுவார்கள், காலையில் தோணி சிக்கும். பாதை (ஆளையும் வண்டியையும் கரை கடத்தும் மிதவை) ஓடுகிற துறைக்குக் குறுக்கே ஓடுபாதை போகவே கூடாது.

நீச்சல் போட்டியும் வாத்துப் பிடித்தலும் வரைபில் இல்லை, அப்படியே விடுங்கள். வாவியில் முதலை உண்டு. கண்டல் மரமும் கோரையும் அடர்ந்த ஓரம் அதுக்குப் பிடித்த இடம். பிள்ளைகளைக் கரையோரத் தண்ணீரில் விளையாட விடுவதற்கும் இதே எச்சரிக்கைதான்.

மழைக்குப் பிறகு ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வந்து துறையை அடைக்கும். அதை ஒரு மாதம் முந்தியே அள்ளிக் கரையில் உலர வைக்க வேண்டும். கடைசிக் கிழமை அள்ளினால் நாற்றமும் நுளம்பும் மிஞ்சும். பந்தற்காலுக்கோ விறகுக்கோ கண்டலை வெட்டவே வேண்டாம். அதிலும் தில்லை மரத்தைத் தொடக் கூடாது. அதின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, விறகாய் எரித்தால் புகையும் கண்ணைப் பதம் பார்க்கும். வெளியூர் விருந்தினர் குளிர்காய நெருப்பு மூட்டும்போது கரையில் கிடக்கிற காய்ந்த கட்டையைப் பொறுக்கிப் போடுவார்கள். தங்குமிடக்காரர் வேறு விறகு கொடுத்துவிட வேண்டும்.

வாவித்தங்கை:
நன்றி அண்ணமார். ஆடி ஓட்டத்தை எடுத்தாச்சு. ஆனா ஒரு பிரச்சினை. கிழக்குக்கு விருந்தினர் கூட வாறது மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும். அந்த ஐந்து மாதமும் நாட்காட்டி வெறுமையா இருக்கு. கூத்து, கொம்பு முறி (ரெண்டு வளைஞ்ச கொம்பைக் கொழுவி ரெண்டு பக்கமும் இழுத்து முறிக்கிறது) ரெண்டையும் மாதத்துக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் போட்டுக் காட்டலாம் எண்டு சங்கத்தில ஒருத்தர் சொல்றார்.

மத்தளச்சத்தம்:
கொம்பு முறி வேண்டாம் பிள்ளை. அது வடசேரி, தென்சேரி எண்டு ஊரே ரெண்டாப் பிரிஞ்சு அம்மனுக்குச் செய்யிற நேர்த்தி. மழை வேணும், நோய் தீர வேணும் எண்டு செய்யிறது. கொம்பைப் பூட்டி இழுக்கிறது கடைசியில வாற காரியம், அதுக்கு முந்தி போர்த்தேங்காய் அடியும் (தேங்காயைத் தேங்காயால அடிச்சு உடைக்கிற போட்டி) சடங்கும் இருக்கு. அதில இருந்து இழுவையை மட்டும் பிச்சு எடுத்து மாதாமாதம் காட்டினா ஊரில பெரியவங்க ஒதுங்கிடுவாங்க. கேட்டுச் செய்யிற விஷயமே இல்லை இது.

எழுவான்கரை_வாசி:
நான் கொஞ்சம் மாறுபடுறன். கொம்பு முறி பல ஊரில நிண்டே போச்சு. கயிறு திரிக்கிறது, கொம்பு தெரியிறது, பூட்டுறது தெரிஞ்ச ஆக்கள் குறைஞ்சு வாறாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிற நாள் ஒண்டு வைச்சு, விருந்தினரும் வந்து பார்க்கட்டும். காட்சி எண்டு போடாம பழகுநாள் எண்டு போட்டா என்ன?

மத்தளச்சத்தம்:
பழகுநாள் எண்டா சரி, ஆனா வைகாசிச் சடங்குக்கு முந்தி, கோயில் சம்மதத்தோட, வருஷத்தில ஒருக்கா. மாதாமாதம் இல்லை. அதில நிக்கிறன்.

கூத்துக்கு வாறன். வடமோடியோ தென்மோடியோ, எந்தக் கூத்து வகையும் முழு இரவு ஆடுறது. ஒரு மணித்தியாலத்தில கதை சொல்லி முடிக்கப் பார்த்தாப் பாட்டும் கெடும், ஆட்டமும் கெடும். குறைக்க வேணும் எண்டாக் கதையைச் சுருக்காதீங்க, ஒரு துண்டை முழுசா எடுங்க. ஒரு அரசன் வரவு, அவன்ட தாளக்கட்டு (ஆட்டத்துக்கான சொற்கட்டு), தரு (பாட்டு), அதோட ஒரு போர். 45 நிமிஷம் நிக்கும். அதை அண்ணாவியாரே (கூத்துப் பழக்கிறவர்) தெரிவு செய்ய வேணும்.

விருந்தினருக்கு அதைவிட நல்ல விஷயம் பழக்க இரவு. சட்டங் கொடுத்த பிறகு, அதாவது ஆளாளுக்கு வேஷமும் பாட்டும் பிரிச்சுக் குடுத்த பிறகு, கிழமையில சில இரவு அண்ணாவியார் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்குவார். உடுப்பு இல்லை, வெளிச்சம் ஒரு பல்ப், மத்தளமும் தாளமும்தான். அதில பக்கத்தில குந்தி இருந்து பார்க்கிறவனுக்கு மிதி எப்படிப் போடுறது எண்டு விளங்கும். அரங்கேற்றத்தில அது உடுப்புக்குள்ள மறைஞ்சிடும். பத்துப் பேருக்கு மேல விட வேண்டாம், கமரா வெளிச்சம் போட வேண்டாம்.

களரி (கூத்து ஆடுற களம்) வட்டமா இருக்க வேணும், சனம் சுத்தி இருக்க வேணும். ஒருபக்க மேடையில ஏத்தினா வட்டமாச் சுத்துற ஆட்டம் பாதி சனத்துக்கு முதுகு காட்டும். விட்டம் 20 அடிக்குக் குறையாம வைங்க, வடமோடிக் கரப்புடுப்புக்கு (விரிஞ்சு நிக்கிற வளைய உடுப்பு) அது வேணும். வாவிக்கரை மணல் கால் புதையும், தூசியும் எழும்பும். மேல களிமண் 4 அங்குலம் பரப்பி, தண்ணி தெளிச்சு, மேடை தட்டிற மாதிரித் தட்டி, ரெண்டு நாள் காயவிட வேணும். ஈரத்தில ஆடினா வழுக்கும். வாவிப்பனியில மத்தளத் தோல் இளகிச் சுருதி இறங்கும். பக்கத்தில ஒரு சட்டியில தணல் இருந்தா இடைக்கிடை காட்டலாம், கிட்ட வைச்சா வெடிக்கும்.

மைக் வேண்டாம். அண்ணாவியாரும் பக்கப்பாட்டும் சரியா இருந்தா வட்டக்களரியைச் சுத்தி 200 பேருக்குக் கேட்கும்.

மணல்மேடு:
மைக் வேண்டும் என்றால் நேரத்தைப் பாருங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கக் கூடாது என்பது 2007 இல் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. முழு இரவுக் கூத்து மைக் இல்லாமல்தான் சரி. பகல் விளையாட்டுக்கும் ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் எடுக்க வேண்டும். கிராம சேவகர் கடிதத்தோடு பிரதேச செயலகம், பிரதேச சபை, சாப்பாட்டுக் கடைகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எல்லாவற்றுக்கும் மூன்று கிழமை முந்தியே போங்கள்.

மே–செப்டெம்பர் வெறுமை பற்றி. அந்த மாதங்களில் பின்னேரம் கச்சான், காலை அமைதி. எனவே நிகழ்ச்சி என்றால் விடியற்காலை. 5.30 க்குத் தோணியில் போய் வலை எடுப்பது பார்த்து, கரைக்கு வந்து பிட்டும் மீன்குழம்பும், வெயில் ஏறமுன் வீடு. பௌர்ணமியை அண்டி, காற்று விழுந்த இரவில் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கப் போகலாம். எஞ்சினை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் இறக்கி, மறுநுனியில் காதை வைக்க வேண்டும். வள்ளத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றினால் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் கேட்காது. கேட்கும் என்று வாக்குக் கொடுத்துக் காசு வாங்கவும் வேண்டாம்.

ஆனி–ஆடியில் கதிர்காம யாத்திரைக்காரர் கரையோரமாய் நடந்து உகந்தை போவார்கள், அங்கிருந்து காட்டுவழி. உங்கள் ஊர்ப்பக்கம் வரும் கூட்டத்துக்கு மோரும் படுக்க இடமும் கொடுக்கிறது வழமை. விருந்தினர் தொண்டு செய்ய வந்தால் வரட்டும். அதை நிகழ்ச்சியாய் விற்க வேண்டாம்.

மற்றது கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம், மண்டூர் முருகன் தீர்த்தம். அந்த நாட்களில் உங்கள் ஊரில் எதுவும் வைக்காமல், விருந்தினரை அங்கே கூட்டிப் போங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதிப் பக்கத்தாருக்கும் கொக்கட்டிச்சோலை கிட்டத்தான். மண்டூரில் கப்புகனார் (பூசகர்) வாயைக் கட்டிப் பூசை செய்வார். அங்கே படம் எடுப்பது, முன்னுக்கு முண்டுவது எல்லாம் கூடாதென்று முன்னரே சொல்லிக் கூட்டிப் போங்கள். றமழான் நோன்பு மாதமும் பாருங்கள். அது வருஷத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முந்தி வரும். காத்தான்குடி, ஏறாவூர் வியாபாரிகளை நம்பிச் சந்தை வைத்தால் அந்த மாதப் பகலில் சாப்பாட்டுக் கடை வராது.

வாவித்தங்கை:
மணல்மேடு ஐயா, நிறைய விளங்கிச்சு. அப்ப சித்திரை ஒண்டுதான் பெரிய நாள். புத்தாண்டுக்கு அடுத்த சனிக்கிழமை. காலமை தோணியோட்டம், பின்னேரம் 3.30 க்கு வழுக்குமரம், கயிறிழுத்தல், கிடுகு பின்னல், தேங்காய் துருவல், போர்த்தேங்காய். மத்தியானம் 300 பேருக்குச் சாப்பாடு. கடைசியா இதுக்கும் கணக்குச் சொல்லுங்க.

எழுவான்கரை_வாசி:
சாப்பாடு: ஆளுக்கு 130 கிராம் பச்சரிசி எண்டு எடுங்க, 300 பேருக்கு 40 கிலோ. ஒரே கிடாரத்தில போடாதீங்க, அடி பிடிச்சு மேல வேகாம நிக்கும். பத்துப் பத்துக் கிலோவா நாலு தடவை. இறால் எண்டா விடிய எடுத்து ஐஸில வைச்சு, 11 மணிக்குப் பிறகு சமைக்கிறது. சித்திரை வெயிலில காலமை சமைச்சு வைச்ச இறால் மத்தியானம் வயித்தைப் பிடுங்கும். படுவான்கரை எருமைத்தயிர் முட்டி இருக்க வேற இனிப்பு எதுக்கு? பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், தாமரை இலை போதும். ஈரத்துணியில சுத்தி வைச்சா ஒரு நாள் வாடாது. குடிதண்ணி ஆளுக்கு 3 லீற்றர், அதாவது 900. ஒரு 1000 லீற்றர்த் தாங்கி நிழலில நிக்கட்டும்.

சவளடி:
கயிறிழுத்தலுக்கு வலைக்கயிறு, நைலோன் கயிறு வேண்டவே வேண்டாம். அது ரப்பர் மாதிரி இழுபட்டு, அறுந்தாச் சாட்டை மாதிரித் திரும்பி வந்து அடிக்கும். மணிலாக் கயிறு எடுங்க, சுற்றளவு 10 இல் இருந்து 12.5 சென்ரிமீற்றர், நீளம் 34 மீற்றர் போல. பக்கத்துக்கு 8 பேர். நடுவில சிவப்பு, இரண்டு பக்கமும் 4 மீற்றரில வெள்ளை. கையிலயும் இடுப்பிலயும் யாரும் சுத்தக் கூடாது. "நானும் வாறன்" எண்டு சனம் வந்து தொங்க விடாதீங்க, கயிறு அறுறது அப்பத்தான்.

காலமை தோணியில கை வலிச்சவங்களைப் பின்னேரம் கயிறுக்கும் விடாதீங்க. குழு வேறயா இருக்கட்டும், ஊரில கூட ஆளுக்கு இடம் கிடைக்கும்.

வாவித்தங்கை:
வழுக்குமரம்? கரையில குழி தோண்டினா 3 அடியில தண்ணி ஊறி மண் சரியுது எண்டு பொடியன்மார் சொல்றாங்க.

மணல்மேடு:
சரியும். வாவிக்கரை மணலில் அதுதான் நடக்கும். 30 அடிக் கமுகு என்றால் 6 அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும், கட்டிமண்ணில் 5 போதும். ஒரு தார்ப்பீப்பாயின் அடியையும் மேலையும் வெட்டி எடுத்து, குழியில் நிறுத்தி, உள்ளே இருந்து மண்ணை அள்ள அள்ள அது தானாய் இறங்கும், பக்கம் சரியாது. ஒரு பீப்பாய் 3 அடிக்குக் கொஞ்சம் குறைவு, எனவே இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாய் இறக்க வேண்டும். பிறகு மரத்தை நிறுத்தி, சுற்றிக் கல்லும் களியும் அடுக்கடுக்காய்ப் போட்டு இடியுங்கள். வெறும் மணலால் நிரப்பினால் இரண்டாவது ஆள் ஏறும்போதே ஆடும்.

மரத்தின் மூன்றில் இரண்டு உயரத்தில் மூன்று பக்கமும் கயிறு கட்டி முளை அடியுங்கள். ஏறுபவன் அந்தக் கயிற்றைப் பிடிக்கக் கூடாதென்று விதி. கிறீஸ் கண்ணில் விழும், தேங்காயெண்ணெயும் வாழைச்சாறும் போதும். அடியில் 10 அடி வட்டத்துக்கு ஒரு அடி கனத்துக்கு வைக்கோல். பீப்பாயின் வெட்டிய விளிம்பு மண்ணுக்கு மேலே நிற்காமல் அரை அடி கீழே இறக்கி மூடிவிடுங்கள், சறுக்கி வருகிறவனின் கால் முதலில் படுவது அங்கேதான்.